ஆள் வந்தால் பாடும் ரேடியோ

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாமி வீட்டு வால்வு ரேடியோவுக்காக மூன்று தடவை போய் வந்தேன். முதல் இரண்டு தடவையும் பழுதைச் சரி செய்துவிட்டதாக நினைத்துத்தான் திரும்பினேன். முதல் தடவை மூன்று நாள் ஓடியது, இரண்டாவது தடவை ஒரு வாரம். அப்புறம் மாமியிடமிருந்து போன்.

"நீ வந்தா சமர்த்தா பாடறது. நீ படி இறங்கினா நின்னுடறது. உன்னைப் பார்த்து பயப்படறாப்ல இருக்கு."

ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஒரேயடியாக நின்றுபோன செட்டைப் பிழைக்க வைப்பது சுலபம். மீட்டரை எடுத்து வோல்டேஜ் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும். விட்டு விட்டு வரும் பழுது அப்படியல்ல. அது இருக்கும்போது நாம் இருக்க மாட்டோம். நாம் இருக்கும்போது அது இருக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாலும், மீட்டர் முனையை வைத்த உடனே ரேடியோ பாட ஆரம்பித்துவிடும்.

மாமி வீட்டு செட் ஐந்து வால்வும், ஸ்டேஷன் பிடிபடுவதைக் காட்டும் பச்சைக் கண்ணான மேஜிக் ஐ ஒன்றும் கொண்டது. அலைவரிசையைப் பிடித்து மாற்றுவதற்கு இ.சி.எச்.81, மாற்றிய அலையைப் பெருக்க இ.பி.எஃப்.89, ஒலியைப் பெருக்க இ.பி.சி.81, ஸ்பீக்கரை ஓட்ட இ.எல்.84, கரண்டைச் சீராக்க இ.இசட்.80. அந்தக் காலத்தில் மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், எச்.எம்.வி. என்று எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இதே மாதிரி ஒரு வரிசைதான் இருக்கும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகளும் நிறைய செட்களில் உண்டு. மாமியின் மாமனார் வாங்கிய ரேடியோ இது. தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை குத்திய லைசென்ஸ் புத்தகம்கூட இன்னும் செட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இப்போது அதில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மீடியம் வேவ் 720 கிலோ ஹெர்ட்ஸ், சென்னை வானொலி. 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய நிலையம். மாமி வயதில் அதைவிடச் சின்னவர்.

பழுது இதுதான். போட்டதும் நன்றாகப் பாடும். இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து டக்கென்று ஒலி போய்விடும். முழு அமைதி இல்லை, காதை ஸ்பீக்கரில் வைத்தால் மெலிதாக ஹம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும். வராவிட்டால் மாமி ஃபேன் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போடுவார், ரேடியோ பாட ஆரம்பிக்கும். "ஃபேனுக்கும் ரேடியோவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. அது பின்னால்.

நான் வேலை கற்றுக்கொண்டது திருவல்லிக்கேணியில், ஒரு பாயிடம். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கடைக்குப் போய்விடுவேன். எட்டடிக்கு ஆறடி கடை, மூன்று பக்கமும் அலமாரி, அலமாரி முழுக்கப் பெட்டி. அங்கே ஒரு மூலையில் எப்போதும் இரண்டு மூன்று செட் சும்மா பாடிக்கொண்டே இருக்கும். ரிப்பேர் முடிந்து காத்திருக்கிற செட் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவை எல்லாம் விட்டு விட்டு நிற்கிற கேஸ்கள். பாய் வேறு வேலை செய்துகொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பார். ஒன்று நின்றால் உடனே எழுந்து ஓட மாட்டார். நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

"தம்பி, தொடாதே. முதல்ல பாரு. வால்வு எல்லாம் எரியுதா? ஹம் இருக்கா? கண்ணு திறந்திருக்கா, மூடியிருக்கா? தொட்டா ஓடிரும்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான். அதை மறந்துதான் மாமி வீட்டுக்கு முதல் இரண்டு தடவையும் போனேன். முதல் தடவை வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊசிகளைத் தேய்த்து, சாக்கெட்டுகளில் காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினேன். சென்னையில் இது தவறான சந்தேகம் இல்லை. கடல் காற்று படுகிற ஊரில் வால்வு ஊசி கறுத்துப் போவதும், பேண்ட் சுவிட்சின் வெள்ளிப் பூச்சு மங்கிப் போவதும் சாதாரணம். இரண்டாவது தடவை சந்தேகமாகத் தெரிந்த இணைப்புகளுக்கெல்லாம் புதிதாக ஈயம் வைத்தேன். இரண்டு தடவையும் செட்டைக் குலுக்கினேன், சூடாக்கினேன். பழுது கொஞ்ச நாள் ஒளிந்துகொண்டது. அது ஒளிந்ததை நான் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரேடியோவைத் தட்டினால் வரும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தட்டுவது தப்பில்லை. ஆனால் தட்டிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பாகங்கள் பொருத்திய தகடான சாஸிஸின் ஒரு மூலையில் தட்டினால் அதிர்வு எல்லா மூலைக்கும் போகிறது. வால்வைத் தட்டினேன், வந்தது, ஆகவே வால்வு கெட்டது என்று புது வால்வு வாங்க அலைந்தவர்கள் நிறைய. தட்டுவதைவிட அழுத்துவது நல்லது. ஊதுவத்தியின் மூங்கில் குச்சியோ பென்சிலோ எடுத்து, ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸையும் ஒவ்வொரு கண்டென்சரையும் ஒரு நூல் அளவு சாய்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை போனபோது பையைத் திறக்காமல் மாமியிடம் கேட்டேன். "மாமி, ஒலி போகும்போது அந்தப் பச்சைக் கண் எப்படி இருக்கும்?"

மாமி யோசிக்கவே இல்லை. "அது பாட்டுக்கு மூடிண்டுதான் இருக்கும். அதான் எனக்கு ஆச்சரியம். ஸ்டேஷன் இருக்கு, பேச்சு மட்டும் இல்லை."

பாதி வேலை அந்த ஒரு பதிலில் முடிந்துவிட்டது. மேஜிக் ஐ அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஸ்டேஷன் வலுவாக வரும்போது பச்சை ஒளி விரிந்து நடுவிலிருக்கும் இருட்டை மூடும். அதற்கான வோல்டேஜ், அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர் பகுதியிலிருந்து வருகிறது. ஆகவே கண் மூடியிருக்கிறது என்றால் ஏரியல், பேண்ட் சுவிட்ச், இ.சி.எச்.81, ஐ.எஃப். டின்கள் (எந்த ஸ்டேஷனும் செட்டுக்குள் மாறுகிற ஒரே அலைவரிசைதான் ஐ.எஃப்.; அதை வடிகட்டும் சுருள்கள் உள்ள டப்பாக்கள் இவை), இ.பி.எஃப்.89 எல்லாம் அந்த நிமிடத்திலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. டிடெக்டருக்கு அப்புறம்தான் எங்கேயோ ஒலி அறுந்து போகிறது. நான் இரண்டு தடவை தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்ததில் பெரும்பகுதி, பழுதே இல்லாத பகுதி. மாமி அந்தக் கண்ணை மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேஜிக் ஐ இல்லாத செட் என்றால் வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். கரகரப்போ இடிச் சத்தமோ வால்யூம் குறைத்தும் நிற்கவில்லை என்றால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால். நின்றுவிட்டால் அதற்கு முன்னால். முன்னால் என்றால் ஐ.எஃப். டின்களையும் சந்தேகப்படலாம். சில டின்களின் அடியில் மைக்கா தகட்டில் வெள்ளி பூசிய கண்டென்சர் இருக்கும். ஒரு பக்கம் 200 வோல்ட்டுக்கு மேல், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஈரப்பதமும் வருஷங்களும் சேர்ந்து வெள்ளி மெல்ல மைக்காவின் மேல் படர்ந்து, தூரத்து இடி மாதிரி ஒரு சத்தத்தைக் கொடுக்கும். நம் ஊரில் ஈரப்பதத்துக்குக் குறைச்சல் இல்லை.

ஸ்டேஷனே காணாமல் போய்க் காணாமல் போய் வருகிறது, அதுவும் டயலின் ஒரு கோடியில் மட்டும் என்றால், அலைவரிசையை மாற்றுவதற்காக உள்ளே தானாக ஓர் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் நின்று நின்று ஓடுகிறது என்று அர்த்தம். சாயங்காலம் லைன் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில், தேய்ந்துபோன இ.சி.எச்.81 இருந்தால் இப்படி ஆகும். இதையும் செட்டைத் தொடாமலே பார்க்கலாம். பாக்கெட் டிரான்சிஸ்டர் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வால்வு செட் 720-இல் இருக்கிறது, அதன் ஐ.எஃப். 455 என்றால் ஆசிலேட்டர் இரண்டையும் கூட்டி 1175-இல் ஓடிக்கொண்டிருக்கும். டிரான்சிஸ்டரை அந்த இடத்துக்குத் திருப்பினால் இரைச்சல் அடங்கி ஒரு மௌனம் தெரியும். வால்வு செட்டின் குமிழை லேசாகத் திருப்பினால் மௌனமும் கூடவே நகரும். செட்டில் ஸ்டேஷன் போகிற அதே நொடியில் டிரான்சிஸ்டரில் அந்த மௌனமும் போய் இரைச்சல் திரும்பினால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. ஒரு திருகாணிகூடக் கழற்றாமல் கிடைக்கிற பதில் இது.

அதே டிரான்சிஸ்டருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கரகரக்கிறது என்று என்னிடம் வரும் புகார்களில் பல, ரேடியோவின் தப்பே இல்லை. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இவை எல்லாம் மீடியம் வேவில் இரைச்சலைக் கொட்டுகின்றன. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரும் அதே இடத்தில் அதே மாதிரி கரகரத்தால் ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பாருங்கள்.

சரி, மாமி வீட்டுக்கு வருகிறேன். செட்டை என் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஆட்டோவில் குலுங்கினால் பழுது மறுபடி ஒளிந்துகொள்ளும். கூடத்திலேயே, அது வழக்கமாக இருக்கிற இடத்திலேயே வேலையை வைத்துக்கொண்டேன். சாஸிஸை வெளியே எடுத்து மேஜையில் போட்டு ஓட விட்டால் இரண்டு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. பெட்டிக்கு வெளியே காற்றோட்டம் அதிகம், சூடு ஏறவில்லை. பெட்டிக்குள் போனால்தான் இ.எல்.84-இன் சூடும் இ.இசட்.80-இன் சூடும் சேர்ந்து அந்த இருபதாவது நிமிடத்தைக் கொண்டு வருகின்றன. ஆகவே வேவு பார்க்கும் ஒயர்களை முதலில் பொருத்தி, செட்டைப் பெட்டிக்குள் தள்ளி, பின்பக்க அட்டையை மூடி, ஒயர்களை மட்டும் வெளியே விட்டேன்.

பொருத்துவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சரில் தங்கியிருக்கும் கரண்டை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் வழியாக இறக்கினேன். இதைச் செய்யாமல் வால்வு செட்டுக்குள் கை வைக்கக் கூடாது. உள்ளே 250 வோல்ட் டி.சி. இருக்கிறது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் இங்கே உதவாது. டிரான்ஸ்ஃபார்மரின் அந்தப் பக்கம் நடப்பது ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏ.சி.-டி.சி. செட்கள் இன்னும் ஆபத்து. அதில் சாஸிஸ் தகடே நேராக லைனில் நிற்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் குமிழின் திருகாணிகூட ஷாக் அடிக்கும். செட்டை லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள். அந்தச் செட்களில் வால்வைச் சூடாக்கும் இழைகளான ஹீட்டர்கள் எல்லாம் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு வால்வில் ஹீட்டர் சூட்டில் விட்டுப்போனால் அத்தனை வால்வும் சேர்ந்து அணையும், ஆறியதும் சேர்ந்து எரியும். வால்வு எரிகிறதா என்று பாய் முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்று இடத்தில் ஒயர் பொருத்தினேன். இ.எல்.84-இன் கதோடில், அதாவது வால்வுக்குள் எலெக்ட்ரான் புறப்படும் முனையில், ஒரு மீட்டர். அது 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அது அப்படியே இருந்தால் வால்வுக்குள் கரண்ட் ஓடுகிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அறுபடவில்லை. அப்புறம் ஒலியையே கேட்பதற்கு இரண்டு கிளிப். ஒன்று ஒலி வெளியே வரும் முனையான இ.பி.சி.81-இன் ஆனோடில், இன்னொன்று ஒலி உள்ளே போகும் முனையான இ.எல்.84-இன் கிரிட்டில். இரண்டுக்கும் தனித்தனியாக 0.01 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் கண்டென்சர், அதிலிருந்து எர்த்துக்கு ஒரு மெகா ஓம். கடைசியில் ஒரு சுவிட்ச், அதற்கப்புறம் ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு. சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினால் ஆனோடு, அந்தப் பக்கம் தள்ளினால் கிரிட். சுவிட்ச் ஆம்ப்ளிஃபயர் பக்கம் இருப்பதால் செட்டுக்கு உதறல் தெரியாது. பழுது வந்த பிறகு முனையைக் கொண்டுபோய் வைத்தால் அந்தச் சின்ன உதறலே அதை விரட்டிவிடும். வருவதற்கு முன்பே காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தோம். மாமி காபி கொண்டு வந்து வைத்தார். ரேடியோவில் மாநிலச் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கொசுச் சத்தம் அளவுக்குக் குறைத்து வைத்திருந்தேன். 22-வது நிமிடம் ஒலி போயிற்று. மாமி சட்டென்று ஃபேன் சுவிட்ச் பக்கம் எழுந்தார். "மாமி, வேண்டாம், அப்படியே உட்காருங்கோ" என்றேன். கூடத்தில் யாரும் அசையவில்லை.

கண் மூடியிருந்தது. மீட்டர் அதே 7 வோல்ட்டில் நின்றது. ஸ்பீக்கரில் ஹம் இருந்தது. ஆனோடு பக்கம் இருந்த சுவிட்சில், அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரில், செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக வந்துகொண்டிருந்தது. மெதுவாகக் கிரிட் பக்கம் தள்ளினேன். ஒன்றுமில்லை. ஆனோடு, குரல். கிரிட், மௌனம். நான்கைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சாமான். 0.01 மைக்ரோ ஃபாரட் பேப்பர் கண்டென்சர்.

ஓர் உருப்படியை மட்டும் மாற்றினேன். பழையதை ஒரு கையில் பிடித்து, மாமியின் பேத்தியுடைய ஹேர் டிரையரில் சூடு காட்டி, ஒயர்க் காலை லேசாக இழுத்தேன். கழன்று கையோடு வந்தது. உள்ளே ஃபாயிலோடு ஒயர் ஒட்டியிருந்த இடம் எப்போதோ விட்டுப்போய், வெறும் மெழுகின் பிடிமானத்தில் நின்றிருக்கிறது. இ.எல்.84-க்குப் பக்கத்திலேயே அது இருந்ததால், சூடு ஏறி மெழுகு இளகியதும் ஒரு முடியளவு இடைவெளி விழுந்திருக்கிறது. ஃபேன் சுவிட்சைப் போடும்போது லைனில் எழும் ஒரு துடிப்பு, அந்த இடைவெளியைத் தாண்டி மறுபடி தொடர்பைக் கொடுத்திருக்கிறது. மாமியின் கேள்விக்குப் பதில் அதுதான். நான் இரண்டாவது தடவை அந்தக் காலுக்கு ஈயம் வைத்தேன் அல்லவா, அந்தச் சூட்டில் அது கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கண்டென்சர் வேறு விதமாகவும் கெடும். ஒயர் விடாமல், உள்ளே கசிய ஆரம்பித்தால் ஆனோடின் வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்து இ.எல்.84 அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். வால்வும் போகும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். ஆகவே எந்தப் பழைய செட் கைக்கு வந்தாலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் புது ஃபிலிம் கண்டென்சர் போட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டது. மாமி செட்டில் முதல் நாளே அதைச் செய்திருக்கலாம்தான். பழுதைக் கண்டுபிடிக்காமலே தீர்த்திருப்பேன். ஆனால் எல்லாக் கண்டென்சரையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிற பழக்கத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. பத்துப் பதினைந்து இணைப்புகளை ஒரே நாளில் கிளறினால் புதிதாக ஒரு டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈய இணைப்பு, வரலாம், பழையது எது, புதியது எது என்று பிரிக்க முடியாது. மாற்றுவதானால் ஒன்றை மாற்றி, ஓட விட்டு, அப்புறம் அடுத்தது.

அன்றைக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாலு நாள், தினமும் ஐந்து ஆறு மணி நேரம் ஓட விடுங்கள், நின்றால் எந்த நேரம், கண் எப்படி இருந்தது என்று காலண்டரில் எழுதி வையுங்கள் என்றேன். மாமி நாலு நாளும் "நிக்கலை" என்று எழுதியிருந்தார், தினமும், கையெழுத்தோடு.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"மறுபடி தகராறு. ஆனா இது வேற. நிக்கலை, இரைச்சல்தான் ஏறி ஏறி இறங்கறது. காத்து அடிக்கறச்சே எல்லாம் பச்சைக் கண் திறந்து திறந்து மூடறது."

"மாமி, மொட்டை மாடியில ஏரியல் ஒயர் முடிச்சு போட்டிருக்கிற இடத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கோ" என்றேன்.

வாட்ச்மேன் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். செம்பு ஒயரும் கீழே இறங்குகிற ஒயரும் முறுக்கியிருந்த இடத்தில் பச்சை பூத்து, ஒயர் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்ததாம். மழை விட்டதும் சுரண்டிவிட்டு முறுக்கச் சொன்னேன். அரை மணி கழித்து மாமி திரும்பக் கூப்பிட்டார். "கண் மூடிடுத்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.